அந்த அரை மார்க்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் குதிக்கிற போட்டிக்கு ஒரே ஒரு விதிதான். யார் குதித்துத் தண்ணீர் மோட்டார் ரூம் படி வரைக்கும் தெறிக்கிறதோ, அவன் ஜெயித்தான். பெரியப்பா மகன்தான் நடுவர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், நீச்சல் தெரியாது. கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு படி நனைந்ததா என்று மட்டும் பார்ப்பார். "நனைஞ்சிருச்சு, இவன்தான்" என்றால் இவன்தான், அப்பீல் கிடையாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குண்டாக விழுந்தால்தான் தண்ணீர் அவ்வளவு தூரம் எழும்பும். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் கையை நீட்டித் தலைகீழாக, சத்தமே வராமல் உள்ளே சொருகிக்கொண்டு போவான். மூன்று கோடை விடுமுறையில் ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. "ஏன்டா, தவளை குதிச்சாக்கூட இதைவிடச் சத்தம் வரும்" என்று அண்ணன் சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

அண்ணன் ஓரவஞ்சனை செய்தவர் இல்லை. சொந்தத் தம்பி தோற்றாலும் தோற்றதுதான். நேர்மையான நடுவர், தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தனியாகப் பார்த்திருந்தால் நாங்கள் சண்டை போட்டிருப்போம். நாங்களும் அதே படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது ஞாபகத்துக்கு வரக் காரணம் என் மகள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது டைவிங் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். சென்னையில் டைவிங் மேடை வைத்த குளங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாரத்துக்கு நான்கு நாள் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஸ்பிரிங்போர்டில், அதாவது துள்ளுகிற பலகையில் நிற்க, நான் கேலரியில் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு அவள் விட்டுவிட்டாள். எனக்குத்தான் விடவில்லை.

மார்க் கணக்கு எளிது. ஒலிம்பிக்ஸ் மாதிரி பெரிய போட்டியில் தனிநபர் டைவுக்கு ஏழு நடுவர்கள். ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை, அரை அரையாக மார்க் போடுவார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு தள்ளுபடி. நடுவில் மிஞ்சும் மூன்றைக் கூட்டி, அந்த டைவின் கடின எண்ணால் பெருக்கினால் முடிந்தது. கடின எண் என்று நான் எழுதுவதை விளையாட்டில் இருப்பவர்கள் டிகிரி ஆஃப் டிஃபிகல்டி, சுருக்கமாக டிடி என்பார்கள். ஒவ்வொரு டைவுக்கும் பெயருக்குப் பதில் ஒரு நம்பர் உண்டு. 5255பி என்றால், முதல் 5 உடம்பை முறுக்கும் வகை. 2 என்பது முதுகுப் பக்கமாகக் கிளம்புவது. அடுத்த 5, ஐந்து அரைப் பல்டி, அதாவது இரண்டரை. கடைசி 5, இரண்டரை முறுக்கு. பி என்பது காலை நீட்டி இடுப்பில் மடிந்த நிலை. அந்த நிலைக்குப் பைக் என்று பெயர். "பைக்ல பண்ணு" என்று பயிற்சியாளர் முதல் தடவை சொன்னபோது எனக்கு வண்டிதான் ஞாபகம் வந்தது. இந்த நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நடுவர் பார்க்க வேண்டியவை: நிற்கும் விதம், மேடையில் வரும் நடை, கிளம்பும் உதை, காற்றில் இருக்கும் உடம்பு, தண்ணீருக்குள் நுழைவது. 10 மீட்டரிலிருந்து சும்மா விழுந்தாலே தண்ணீரைத் தொட 1.4 விநாடிதான். தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். திரும்ப ஓட்டிப் பார்க்கிற வசதி நடுவருக்குக் கிடையாது. டிவி பார்க்கும் நமக்குத்தான் நான்கு கோணத்தில் மெதுவாகக் காட்டுகிறார்கள், உடனே நாம் வாய்க்கு வந்தபடி பேசுகிறோம். டைவ் எவ்வளவு கஷ்டமானது என்பதையும் நடுவர் மனதில் வைக்கக் கூடாது. அதைப் பெருக்கல் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிந்ததற்கு மட்டும் மார்க்.

கண்ணுக்குக் கடைசியாகத் தெரிவதோ தெறிப்பு. பந்தியில் பாயசம் நன்றாக அமைந்துவிட்டால் சாம்பாரில் உப்பு குறைந்தது மறந்துபோகிற மாதிரி, சுத்தமாக உள்ளே போன டைவில் முழங்கால் விலகியது மறந்துபோகும். கைகளைக் கும்பிட்ட மாதிரி கூராக வைத்து நுழைகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு கை இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள, உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தண்ணீரை அறைகிறார்கள். அந்த அறையில் தண்ணீரில் ஒரு குழி திறக்கிறது. உடம்பு அந்தக் குழிக்குள் போகிறது. உள்ளே போனதும் கைகளை விரித்து இழுக்க, மேலே எழ வேண்டிய தண்ணீரும் கூடவே கீழே போய்விடும். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதனால் அதை ரிப் என்கிறார்கள். பல்டி கொஞ்சம் கூடச் சுற்றிவிட்டாலும், கெட்டிக்காரர்கள் தண்ணீருக்கடியில் உடம்பை வளைத்து, நேராக இறங்கிய மாதிரி காட்டிவிடுவார்கள். அழகான வித்தைதான். ஆனால் அந்த வித்தைக்கு மயங்காமல் அதற்கு முந்தைய விநாடியை ஞாபகத்தில் பிடித்து வைத்திருப்பவர்தான் நடுவர். நல்ல கண் பலருக்கு இருக்கிறது. அந்த ஞாபகம்தான் அரிது.

சுத்தமான நுழைவா, கஷ்டமான பல்டியா என்ற சண்டைக்கு நூற்றிருபது வயது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக டைவிங் வைத்தார்கள். ஜெர்மானியர்கள் கஷ்டமான பல்டிகள் அடித்தார்கள், தண்ணீரில் எப்படி விழுந்தாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கட்சி. அமெரிக்கர்கள் எளிய டைவ் அடித்துச் சுத்தமாக நுழைந்தார்கள், நுழைவுதான் முக்கியம் என்றார்கள். அமெரிக்கரான ஜார்ஜ் ஷெல்டன் தங்கம் வாங்கினார், ஜெர்மானியர்கள் ஆட்சேபித்தார்கள். இன்றைக்கு நாம் பெருக்குகிற கடின எண், அந்தச் சண்டைக்குக் கண்டுபிடித்த சமாதானம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சமாதானம் ஆனதா என்பது வேறு விஷயம்.

முதலில் தள்ளுபடியைப் பார்ப்போம். மேலும் கீழும் இரண்டிரண்டை வெட்டிவிட்டால் சாய்வுள்ள நடுவர் செல்லாக்காசு ஆகிவிடுவார் என்று பொதுவாக நம்புகிறார்கள். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு டைவுக்கு வந்த மார்க்குகள் 7.5, 8, 8, 8, 8.5, 8.5, 8.5 என்று வையுங்கள். நடுவில் மிஞ்சுவது 8, 8, 8.5. கூட்டினால் 24.5. இப்போது 7.5 போட்டவர் நேர்மையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, தன் ஊர்க்காரர் என்று 9 போடுகிறார். அந்த 9 தள்ளுபடியாகிறது, சரிதான். ஆனால் வரிசை முழுக்க ஒரு படி நகர்ந்துவிட்டது. மிஞ்சுவது 8, 8.5, 8.5. கூட்டினால் 25. கடின எண் 3.2 என்றால் 1.6 புள்ளி கூடிவிட்டது. ஆளை வெளியே அனுப்பிவிட்டோம், அவர் கை வைத்துத் தள்ளியது மட்டும் உள்ளே இருக்கிறது.

1.6 பெரிய விஷயமா என்று கேட்கலாம். 1956 மெல்போர்னில் மெக்சிகோவின் ஹொவாகின் கபில்லா 152.44 எடுத்து மேடை டைவிங்கில் தங்கம் வாங்கினார். அமெரிக்காவின் கேரி டோபியனுக்கு 152.41. சோவியத், ஹங்கேரி நடுவர்கள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டார்கள் என்று அமெரிக்கத் தரப்பு முறையிட்டது, பலிக்கவில்லை. 2000 சிட்னியில் 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டில் சீனாவின் சியோங் நி 708.72, மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ பிளாட்டஸ் 708.42. அப்போதெல்லாம் மேலே ஒன்று, கீழே ஒன்றுதான் தள்ளுபடி, மிஞ்சும் ஐந்தின் கூட்டுத்தொகையை 0.6ஆல் சுருக்கிக் கடின எண்ணால் பெருக்குவார்கள். கடின எண் 3.0 உள்ள டைவில், கணக்கில் சேரும் ஒரு மார்க் அரை கூடினாலே 0.9 புள்ளி. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்ததோ 0.30.

அந்தச் சிட்னி போட்டிகளின் மார்க்குகளை, மொத்தம் 25 நடுவர்கள் போட்ட 10,787 மார்க்குகளை, யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் பிறகு அலசினார்கள். தன் நாட்டவர் குதிக்கும்போது சற்றுத் தாராளமாகும் சாய்வு சில நடுவர்களிடம் தெரிந்தது. எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் தன் மாமனார் இலைக்கு இன்னொரு வடை வைப்பது மாதிரி, பல சமயம் அவருக்கே தெரியாது. வடையை எண்ண ஆள் வைத்தால் தெரிந்துவிடும். எண்ணிப் பார்த்தால் பிடிபடுகிற தப்பு இது.

எனக்கு உறுத்துவது எண்ணிப் பார்த்தாலும் பிடிபடாதது. ஏழு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வெட்டுவதற்கு எந்த ஓரமும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கிளப் போட்டிக்கு நடுவர் ஒருவர் வராமல் போக, விதிகளைப் படித்த பாவத்துக்கு என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஐந்து நடுவர்கள், மேலே ஒன்று கீழே ஒன்று தள்ளுபடி. மகளோடு பயிற்சி செய்த ஒரு பையன் வந்தான். குளத்தில் எல்லோரும் சொல்வார்கள், "இவன் எங்கேயோ போகப்போறான்" என்று. அவன் 103பி அடித்தான். முன்பக்கமாக ஒன்றரைப் பல்டி, பைக். நான் 7.5 போட்டேன். மற்றவர்கள் 6, 6, 5.5, 6.5. பிரித்து வரும்போது முழங்கால் மடங்கியிருந்தது என்று பக்கத்திலிருந்த அம்மா சொன்னார். இருபது வருடம் நடுவராக இருந்தவர். நான் அதைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் அதே 103பி. சாயம் போன நீச்சல் உடை, மேடையில் இரண்டு தடவை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் 5.5. மற்றவர்கள் எல்லோரும் 6.5க்குக் குறையவில்லை.

இடைவேளையில் டீ குடிக்கும்போது அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்க டைவைப் பாக்குறீங்களா, ஆளைப் பாக்குறீங்களா?"

என் இரண்டு மார்க்கும் தள்ளுபடியில் போய்விட்டன, நல்லவேளை. அன்றைக்கு நான் ஒருத்தன்தான் அந்தப் பையனை அறிந்தவன். ஐந்து பேருமே அறிந்திருந்தால்? பெரிய போட்டிகளில் நடப்பது அதுதானே. உலக சாம்பியன் யாரென்று ஏழு பேருக்கும் தெரியும். போதாததற்கு இறுதிச் சுற்றில் முந்தைய சுற்றின் தரவரிசையைத் தலைகீழாக்கி இறக்குகிறார்கள். பன்னிரண்டாவது ஆள் முதலில், முதலாவது ஆள் கடைசியில். டிவிக்கு நல்ல விறுவிறுப்பு. நடுவருக்கோ, யாரிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று கையில் எழுதிக்கொடுத்த மாதிரி. என்னைக் கேட்டால் இறுதிச் சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். கேட்பார் இல்லை.

இனி கடின எண்ணுக்கு வருகிறேன். நடுவரைத் திட்ட ஊரே தயார். அந்த அட்டவணையை யாரும் திட்டுவதில்லை, அது அச்சடித்த எண் என்பதால்.

1988 சியோல், 10 மீட்டர் மேடை. அமெரிக்காவின் கிரெக் லூகானிஸ், வயது 28. முந்தைய வாரம் ஸ்பிரிங்போர்டில் பலகையில் தலை மோதி, தையல் போட்டுக்கொண்டு தங்கம் வாங்கியவர். எதிரே சியோங் நி. ஆமாம், சிட்னியில் 0.30இல் ஜெயித்த அதே ஆள். அப்போது 14 வயதுச் சிறுவன். கடைசி டைவுக்கு முன் சிறுவன் 3 புள்ளி முன்னால். அவனுடைய கடைசி டைவுக்கு 82.56. லூகானிஸுக்கு 86.70. மொத்தத்தில் 1.14 வித்தியாசத்தில் லூகானிஸுக்குத் தங்கம். பெயருக்கு மார்க் போட்டுவிட்டார்கள் என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது, இன்றும் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பெருக்கலைப் பிரித்துப் பாருங்கள். சிறுவனின் டைவ் 3.2, லூகானிஸின் டைவ் 3.4. 82.56ஐ 3.2ஆல் வகுத்தால் 25.8. 86.70ஐ 3.4ஆல் வகுத்தால் 25.5. அந்தக் கடைசிச் சுற்றில் நடுவர்கள் சிறுவனுக்குத்தான் ஒரு மயிரிழை கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். தங்கத்தை மாற்றியது 0.2. அந்த எண் இருவரும் சியோலுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே அட்டவணையில் அச்சாகியிருந்தது.

கஷ்டமான டைவைத் துணிந்து எடுத்தவருக்குக் கூடுதல் கிடைப்பது நியாயம்தான், ஜெர்மானியர்கள் 1904இல் கேட்டதும் அதுதான். ஆனால் எவ்வளவு கூடுதல்? மூன்று நடுவர்களிடம் 9 வாங்கிய 3.0 டைவுக்கு 81 புள்ளி. 7.5 வாங்கிய 3.6 டைவுக்கும் அதே 81. இரண்டும் சமம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பல்டி எத்தனை, முறுக்கு எத்தனை, எந்த நிலை, எந்தப் பக்கம் கிளம்புவது, எவ்வளவு உயரம் என்று சூத்திரம் இருக்கிறது. சூத்திரத்தில் போடுகிற எண்கள் மனிதர்கள் உட்கார்ந்து பேசி வைத்தவை. அவர்களே அவ்வப்போது மாற்றவும் செய்கிறார்கள்.

இப்போது 5255பி. 2008 பெய்ஜிங்கில் எட்டில் ஏழு தங்கத்தைச் சீனா வாரிக்கொண்டு போயிருந்தது. ஆண்கள் 10 மீட்டர்தான் பாக்கி. ஆஸ்திரேலியாவின் மேத்யூ மிச்சம் கடைசியாக இந்த டைவை அடித்தார். நான்கு நடுவர்கள் 10 போட்டார்கள். அன்றைய கடின எண் 3.8. மிஞ்சிய 29.5ஐப் பெருக்க 112.10, ஒலிம்பிக்ஸில் அதுவரை எந்த ஒற்றை டைவுக்கும் அவ்வளவு விழுந்ததில்லை. மொத்தம் 537.95. சீனாவின் சோ லூசினுக்கு 533.15. அந்த டைவை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் திட்டு விழும். நான்கு வருடம் கழித்து லண்டன் ஒலிம்பிக்ஸில் அதே 5255பிக்கு 3.6தான். மேடை அதே 10 மீட்டர், பல்டியும் முறுக்கும் அதே இரண்டரை. மிச்சமின் 29.5ஐ 3.6ஆல் பெருக்கினால் 106.20. மொத்தத்தில் 5.90 குறைகிறது. 4.80இல் வாங்கிய தங்கம்! அட்டவணை மாறினால் எதிராளியின் எண்களும் மாறக்கூடும், அதனால் தங்கம் கைமாறியிருக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. மிச்சமுக்கு நான் பரம ரசிகன் வேறு. ஆனால் ஏழு நடுவர்களின் கண்ணில் அரை மார்க் பிசகுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறோம், 0.2 ஒரு கமிட்டி அறையில் சத்தமில்லாமல் இறங்குகிறது.

லண்டனில் இந்த டைவை அடித்த ஒருவர் பிரிட்டனின் டாம் டேலி. இறுதிச் சுற்றின் முதல் டைவ். 75.60 விழுந்தது. கூட்டத்தில் கேமரா ஃப்ளாஷ்கள் மின்னியதால் தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை என்று முறையிட்டார். தலைமை நடுவர் ஒத்துக்கொண்டார். திரும்ப அடித்தார், 91.80. கடைசியில் வெண்கலம். சொந்த ஊர்ப் பிள்ளை, சொந்த ஊர்க் கூட்டம், அந்தக் கூட்டம் மின்னவிட்ட ஃப்ளாஷுக்கு அவருக்கே இரண்டாம் வாய்ப்பு. 1980 மாஸ்கோவிலும் இப்படித்தான்: சோவியத்தின் அலெக்சாண்டர் போர்ட்னோவ், பக்கத்து நீச்சல் குளத்துச் சத்தம் கெடுத்துவிட்டது என்று சொல்லித் திரும்ப அடித்துத் தங்கம் வாங்கினார். மற்ற நாடுகள் எதிர்த்தும் முடிவு மாறவில்லை. மேடையில் தானே தடுமாறி நின்று மறுபடி தொடங்கினால் ஒவ்வொரு நடுவரின் மார்க்கிலிருந்தும் 2 கழிப்பார்கள். வெளியிலிருந்து இடைஞ்சல் வந்தது என்று நிரூபித்தால் ஒன்றும் கழியாது. விதி சரிதான். என் சந்தேகம் சின்னது: பன்னிரண்டாவது இடத்தில் நிற்கிற, பெயர் தெரியாத ஒரு நாட்டுப் பையன் போய் ஃப்ளாஷ் அடித்தது என்று சொன்னால் எத்தனை பேர் காது கொடுப்பார்கள்?

பெயர் தெரியாதவர்களுக்குப் பூஜ்யம் மட்டும் உடனே கிடைக்கும். 2015 சிங்கப்பூர் தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் இரண்டு பிலிப்பைன்ஸ் வீரர்கள் அறிவித்த டைவை அடிக்க முடியாமல் பூஜ்யம் வாங்கிய வீடியோ ஃபோன் ஃபோனாகச் சுற்றியது. பூஜ்யம் சரியான மார்க். நானும் சிரித்தேன். மூன்று வருடம் பலகையில் நின்ற என் மகள் சிரிக்கவில்லை.

இப்போது எந்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் கணினி முறை 2023 ஆன்ட்வெர்ப் உலகப் போட்டியில் எல்லாக் கருவிகளுக்கும் நடுவர்களுக்குத் துணையாக வந்துவிட்டது. டைவிங்கிலும் உடம்பு நேராக இறங்கியதா, முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது என்பதை எந்திரம் என்னைவிட நன்றாகச் சொல்லும். வரட்டும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது நாம்தானே. எங்கள் மோட்டார் ரூம் படியில் ஒரு சென்சார் வைத்திருந்தால், அண்ணனைவிடத் துல்லியமாக அந்தத் தலைகீழ்ப் பையனைத் தோற்கடித்திருக்கும்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் போட்டி வந்தபோது மகளும் நானும் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிவி சத்தத்தை நிறுத்திவிட வேண்டும், வர்ணனையாளர் வாயிலிருந்து எதுவும் வரக் கூடாது. குதித்து முடிந்ததும், ரீப்ளே வருவதற்குள் எழுதிவிட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பெண்கள் 10 மீட்டர் இறுதிச் சுற்று. சீனாவின் சுவான் ஹோங்சான். டோக்கியோவில் 14 வயதில் 466.20 எடுத்து உலகத்தையே வாய் பிளக்கவைத்தவள். அந்த ஐந்து டைவில் மூன்றுக்குத் தலா 96.00, 3.2ஐ முப்பதால் பெருக்கினால் வருகிற முழு மார்க். பாரிஸில் அவளுடைய முதல் டைவ் 107பி. முன்பக்கமாக மூன்றரைப் பல்டி. தண்ணீர் அசைந்ததா என்றே தெரியவில்லை.

திரையில் ஏழு பத்துகள் வந்தன. மகள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்: 10. நான் என்னுடையதைக் காட்டினேன்: 9.5.

"எங்கேப்பா அரை?"

ரீப்ளே போட்டார்கள். நடை, உதை, மடிப்பு, பிரிப்பு, நுழைவு. பிறகு ஜியோசினிமாவில் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கால் விரல் வரைக்கும் பார்த்தேன். அவள் 425.60 எடுத்து, தன் நாட்டுத் தோழி சென் யூசியை 4.90இல் முந்தித் தங்கம் வாங்கி, மேடையில் தேசிய கீதமும் முடிந்துவிட்டது. நான் இன்னும் முதல் டைவிலேயே இருந்தேன்.

"முதல் டைவுக்கே பத்து போட்டா அப்புறம் வர்றதுக்கு என்ன போடறது" என்று கடைசியில் ஏதோ சொன்னேன். அவள் பதில் பேசாமல் பேனாவை என் பக்கம் நீட்டினாள். நோட்டில் அந்த 9.5ஐ இன்னும் அடிக்கவில்லை.